கண்ணி என்ற சொல்லின் மூன்றாவது பொருள்

அப்பா,

நடந்த எல்லாவற்றையும் இந்த மடலில் நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். அழகுக்காக எதையும் சேர்க்கவும் மாட்டேன். இன்று மத்தியானம்தான் அப்படி முடிவு செய்தேன்.

காலையிலிருந்து நானும் அம்மாவும் அடுப்படியைக் காலி செய்துகொண்டிருந்தோம். பரணில் கடைசியாக இருந்தது ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. பார்ப்பதற்கு முன்பே உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துவிட்டது. உங்கள் டேப். பெரிய கடை வீதியில் நீங்களும் நானும் போய் வாங்கிய நூறடி இரும்பு டேப், சிவப்பு உறை, சுற்றுவதற்கு மடக்குக் கைப்பிடி. ஒவ்வொரு முறை அளந்த பிறகும் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டேதான் சுருட்டுவீர்கள். துருப்பிடித்த டேப் பொய் சொல்லும் என்பீர்கள்.

நீங்கள் இறந்து பத்து மாதம் ஆகிறது. நாளை காலை எட்டு மணிக்கு இந்த வீட்டை இடிக்க இயந்திரம் வருகிறது. டேப்பில் நான் கண்டதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் அது புரியும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒன்பதாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், இந்த வீட்டை முதல் முறை பார்க்க வந்தோம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, வலது பக்க ஜன்னலில் காவிரியைப் பார்த்துக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. அம்மாவுக்கு ஜீயபுரத்தில் சத்துணவு மையத்தில் வேலை. மேலப்புதூர் வாடகை வீட்டிலிருந்து அவர் தினமும் இரண்டு பஸ் மாறிப் போவதைப் பார்த்துப் பார்த்து, நாம் அந்தப் பக்கமே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்றீர்கள். ஜீயபுரம் தாண்டி, பழைய பெருமாள் கோயிலைச் சுற்றி நான்கே தெரு உள்ள இந்த ஊரில், தெற்குத் தெருவில், இந்த ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. முன்னால் ஓர் அறை, பிறகு கூடம், பிறகு அடுப்படியும் கிணறும், கிணற்றுக்குப் பின்னால் வாய்க்கால்.

கூடத்தின் பின்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சுவர் அலமாரி இருந்தது. ஐந்து தட்டு, தேக்குச் சட்டம். நான் அதன் முன்னால் நின்றுகொண்டு, எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன். நீங்கள் அம்மாவிடம், “புலவர் குடிவந்தாச்சு, இனி நாமதான் வரணும்” என்று சொன்னீர்கள். உண்மையைச் சொல்வதென்றால், எல்லாம் அங்கேதான் தொடங்கியது. எனக்கு அந்த அலமாரி வேண்டும் என்பதில்.

அன்று திரும்பும் வழியில் கோயிலுக்குள் போனோம். உள்ளே வரலாமா என்று நீங்கள் தயங்கியதும், வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண், “பிரகாரத்துல கல்வெட்டு பாக்கத்தானே, போங்க சார்” என்றதும் நினைவிருக்கிறது. ஒரு தகவல் பலகையில், அந்தச் சுவரில் ஊர் நிலங்களின் அளவுகள் வெட்டப்பட்டிருப்பதாகவும், பதினாறு சாண் கோலால் அளந்ததாகக் குறித்திருப்பதாகவும் எழுதியிருந்தது. நீங்கள் அதை இரண்டு முறை படித்தீர்கள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவருக்கு அது பிடித்துப்போனது. “பாரு, அந்தக் காலத்துலயே அலகு போட்டு எழுதியிருக்கான். எங்க பசங்க இன்னிக்கும் வெறும் நம்பரை எழுதிட்டு மார்க் கேக்குறானுங்க” என்றீர்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மகன்கள் வெளியூரில். அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு எளிதாக இருக்கும். நாம் கிறிஸ்தவர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டீர்கள். அதற்கு அவர், “அதனால என்ன? எங்க ஆத்தைப் பூட்டியே வெச்சிருக்கோம். யார் வந்தா என்ன, விளக்கு எரிஞ்சா போறும்” என்றார். வாய்க்கால் பக்கம் எல்லை எதுவரை என்று கேட்டதற்கு, தன் தகப்பனார் காலத்திலிருந்து அடுப்படியும் கிணறும் அங்கேதான் இருக்கின்றன, இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை, அளக்க வேண்டும் என்றால் தாராளமாக அளந்துகொள்ளலாம் என்றார். பத்திரக் கட்டிலிருந்து ஒரு பழைய மனை வரைபடத்தின் நகலையும் எடுத்துக் கொடுத்தார். வேறொருவரும் கேட்டுக்கொண்டிருப்பதாக, தயக்கத்தோடுதான், சொன்னார்.

அளக்காமல் வாங்கக் கூடாது என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தீர்கள். தாலுகா அலுவலகத்தில் விசாரித்தபோது சர்வேயர் வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். திருவானைக்காவலில் தனியாக அளந்து கொடுக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தீர்கள். அவர் புதன்கிழமை வருவதாகச் சொன்னார். நாம் இதைப் பேசிக்கொண்டிருந்தது சனிக்கிழமை. நான்கு நாள்.

அப்பா, அந்த நான்கு நாளைப் பொறுக்க முடியாதவள் நான்தான். அதற்குள் அந்த இன்னொருவர் வாங்கிவிடுவார் என்று பயந்தேன். வரைபடம் கையில் இருக்கிறது, டேப் ஒன்று வாங்கினால் போதும், நாமே அளந்துவிடலாம் என்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் அளவியலில் நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அன்று மாலை வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். நீளக் கோட்டின் மேல் 60 என்றும், அகலக் கோட்டின் மேல் 30 என்றும் மையில் எழுதியிருந்தது. கீழ் மூலையில், பாதி அழிந்த சிறிய எழுத்தில், ஒரு சொல். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தீர்கள்.

“புலவரே, கண்ணின்னு போட்டிருக்கு. என்ன அர்த்தம்?”

பேச்சுப் போட்டியில் பரிசாகக் கிடைத்த அகராதியை ஓடிப்போய் எடுத்து வந்தேன். முதல் பொருள், பறவை பிடிக்கும் பொறி. இரண்டாவது, பூமாலை. இரண்டையும் சத்தமாகப் படித்தேன். படம் வரைந்தவரின் பெயராக இருக்கும், அல்லது அவர் வீட்டுப் பெண்ணின் பெயராக இருக்கும் என்று நானே ஒரு கதையும் சொன்னேன். ரம்பத்தால் அறுத்தது போல நேராகக் கோடு போட்ட மனிதர் மகளின் பெயரை மூலையில் எழுதிவைத்திருக்கிறார் என்று நான் சொன்னதும், நீங்கள் ரசித்துச் சிரித்தீர்கள். அகராதியை மூடிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்து அளந்தோம். டேப்பின் நுனி வளையத்தை வாசல் கல்லில் நான் பிடித்துக்கொண்டேன். நீங்கள் இழுத்துக்கொண்டே உள்ளே போனீர்கள். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சார், வீட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க, கழுத்து மட்டும் கொஞ்சம் இறக்கி வெக்கணும்” என்று நீங்கள் உள்ளிருந்தே பதில் சொன்னீர்கள். வாய்க்கால் ஓரச் சுவர்வரை ஐம்பத்தொன்பதரை அடி வந்தது. அரை அடி சுவர்ப்பூச்சில் போயிருக்கும் என்று நான் சொன்னேன். ஒரு தடவை அளந்தது அளவே இல்லை என்பது உங்கள் வழக்கம். மூன்று தடவை அளந்தோம். மூன்று தடவையும் ஐம்பத்தொன்பதரை.

அகலம்தான் சரியாக வரவில்லை. இருபது அடிக்கும் கொஞ்சம் குறைவு. படத்தில் முப்பது. நீங்கள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றீர்கள். அப்போது நான் வெளியே ஓடிப்போய்ப் பக்கத்துச் சந்தின் அகலத்தை அளந்துவிட்டு வந்தேன். பத்தடி. இருபதும் பத்தும் முப்பது. “சந்தும் நம்மளுதுப்பா” என்று கத்தினேன். கணக்கு சரியாக வந்துவிட்டால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை. அம்மா அந்தச் சந்தில் ஒரு முருங்கைக் கிளை நட வேண்டும் என்றார்.

அங்கே நின்றபடியே திருவானைக்காவல்காரருக்குப் போன் செய்து, புதன்கிழமை வர வேண்டாம் என்றீர்கள். அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். நீங்கள் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு சொன்ன பதில் எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

“இல்ல சார், என் பொண்ணே அளந்துட்டா.”

பத்திரத்தில் நான்கு எல்லையைத்தான் எழுதினார்கள். வடக்கே வாய்க்கால் என்று இருந்தது. அது சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினோம். அம்மாவின் நகைகளும் உங்கள் பி.எஃப். பணமும் இந்த வீடாக மாறின. ஜூன் மாதம் பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்தார். அடுப்படியிலும் கிணற்றடியிலும் தீர்த்தம் தெளித்துவிட்டு, நல்ல தண்ணீர் என்று ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தார். நான் அலமாரியில் புத்தகங்களை அடுக்கினேன். அகராதிக்கு மேல் தட்டு.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் வரைக்கும் நாம் இந்த வீட்டில் நன்றாக இருந்தோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் அம்மா அடுப்படிக்குக் கடப்பைக் கல் போட வேண்டும் என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றீர்கள். ஈஸ்டருக்கு வெள்ளையடித்தபோது முன்னறையோடு நிறுத்தச் சொன்னீர்கள். என் சுவர் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதற்குப் பதிலாக, ஒரு நாள் டெம்போவில் இரும்பு ரேக் ஒன்று வந்து இறங்கியது. பார்க்கவே அசிங்கமாக, ஆஸ்பத்திரி மருந்து ரேக் மாதிரி இருந்தது. நான் உங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “செவுத்துல இருக்கறதைத் தூக்கிட்டுப் போக முடியாது புலவரே. இதுன்னா எங்க போனாலும் கூட வரும்” என்றீர்கள். நாம் எங்கே போகப் போகிறோம் என்று கேட்டேன். நீங்கள் ரேக்கின் தூசியைத் துடைக்கத் தொடங்கினீர்கள். செலவுக்கு அஞ்சிக் கஞ்சத்தனம் பிடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். என் நாட்குறிப்பில் அப்படியே எழுதியும் வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வகத்தில் மாணவர்களுக்கு லென்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தீர்களாம். லென்ஸைக் கீழே விடாமல் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டுத்தான் சாய்ந்தீர்களாம். டாக்டர் சர்க்கரையைக் காரணம் சொன்னார்.

உங்களை அடக்கம் செய்து ஆறு வாரம் கழித்து, உங்கள் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறோம், கரைப் புறம்போக்கை அளக்க வருகிறோம் என்று. அம்மா அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கவே தயங்கினார். பெயருக்குரியவர் இல்லையே என்றார். பரவாயில்லை, வீட்டில் யாராவது வாங்கலாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அளக்க வந்த சர்வேயர் ஒரு பெண். வெயிலில் களைத்து வந்தவருக்கு அம்மா மோர் கொடுத்தார். நான் நம் வரைபடத்தைக் கொண்டுவந்து, அறுபது அடி எங்களுடையது என்று காட்டினேன். தைரியமாகத்தான் காட்டினேன். அவர் படத்தைக் கையில் வாங்கி, நேராகக் கீழ் மூலையைப் பார்த்தார்.

“இது அடி இல்லம்மா. கண்ணின்னு போட்டிருக்கு பாரு. அந்தக் காலத்துல இரும்புச் சங்கிலியாலதான் நிலத்தை அளப்பாங்க. சங்கிலியோட ஒரு வளையம் ஒரு கண்ணி. நூறு கண்ணி சேர்ந்தா அறுபத்தாறு அடிதான் வரும்.”

அவர் மேற்கொண்டு சொல்வதற்கு முன்பே என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அது மட்டும் எனக்கு எப்போதும் வேகமாக வரும். அறுபது கண்ணி என்றால் முப்பத்தொன்பது புள்ளி ஆறு அடி. முப்பது கண்ணி என்றால் இருபது அடிக்குக் கொஞ்சம் குறைவு. சுவருக்குச் சுவர் நாம் அளந்த அதே அகலம். சந்து என்றைக்கும் நம்முடையதாக இருந்ததில்லை.

அவர்கள் முப்பத்தொன்பதரை அடி தாண்டிக் கோடு போட்டார்கள். கோடு கூடத்தின் நடுவில் விழுந்தது. அடுப்படி, கிணறு, குளியலறை, கூடத்தின் பின்பாதி, அலமாரி உள்ள சுவர், எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தச் சுவர்மேல்தான் கூடத்து உத்தரம் நிற்கிறது. சுவர் போனால் கூரை நிற்காது, முன்னறையையும் சேர்த்து இறக்கிவிடுவதுதான் நல்லது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் பின்பக்கம் போகிறது. ஆனால் அவர்களெல்லாம் மூன்று தலைமுறை இருந்தவர்கள். தெரிந்தே கட்டியவர்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள் நாம் மட்டும்தான்.

சர்வேயர் போன பிறகு அகராதியை எடுத்தேன். கண்ணி. ஒன்று, பொறி. இரண்டு, பூமாலை. மூன்று, சங்கிலியின் வளையம். மூன்றாவது பொருள் அதே பக்கத்தில், அதற்கு அடுத்த வரியில் இருந்தது. நான் இரண்டாவதோடு நிறுத்தியிருந்தேன். இரண்டாவது அழகாக இருந்ததால் நிறுத்தியிருந்தேன்.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது இருந்திருக்கும். அன்று மாலை கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “நல்லவேளை, இதெல்லாம் தெரியாமலே உங்கப்பா போயிட்டார். வீடு வாங்கிக் குடுத்துட்டோம்ங்கற நிம்மதியோட போனார்” என்றார். அதற்குப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். செல்வி அக்காவிடம், பங்குச் சாமியாரிடம், தூங்குவதற்கு முன் ஜெபத்தில். மனு கொடுக்க ஆட்சியர் அலுவலகத்தில் காத்திருந்த நாட்களிலும் அதைத்தான் சொன்னார். மனு தள்ளுபடியான அன்றும் அதைத்தான் சொன்னார். எங்கள் இருவருக்கும் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். நீங்கள் அறியாமல் போனீர்கள் என்பது.

இனி, இன்று மத்தியானம்.

பிஸ்கட் டின்னை முன்னறைக்குக் கொண்டுபோய், டேப்பை எடுத்தேன். எதற்காக என்று தெரியவில்லை, வாசல் கல்லில் வளையத்தை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தேன். கூடத்தில் பாதி தூரம் வந்ததும் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. டேப்பின்மேல் மெல்லிய வெள்ளை பிளாஸ்டர் ஒரு சுற்று ஒட்டியிருந்தது. ஆய்வகத்தில் நீங்கள் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் அதே துணிப் பிளாஸ்டர். அதன்மேல் உங்கள் கையெழுத்தில், சிவப்பு பால்பாயின்ட் பேனாவில், 39.6 அடி என்று இருந்தது. அடி என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

தரையைப் பார்த்தேன். சர்வேயரின் கோடு என் காலடியில் இருந்தது.

ஆக, உங்களுக்குத் தெரியும். நோட்டீஸ் வருவதற்கு முன், வாய்க்கால் பேச்சே எழுவதற்கு முன், எங்கேயோ, யாரிடமோ கேட்டோ, அந்த அகராதியைப் பிரித்தோ, கண்டுபிடித்திருக்கிறீர்கள். நானும் அம்மாவும் வீட்டில் இல்லாத ஒரு நாள் தனியாக அளந்திருக்கிறீர்கள். நுனியைப் பிடிக்க ஆள் இல்லாமல் வாசல் கல்லில்தான் வளையத்தை மாட்டியிருப்பீர்கள். நிச்சயம் மூன்று தடவை அளந்திருப்பீர்கள். கடப்பைக் கல் அதனால்தான். பாதியில் நின்ற வெள்ளை அதனால்தான். அந்த அசிங்கமான ரேக் அதனால்தான்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். ஏன் என்று தெரியும். அலகு என்னவென்று கேட்டிருக்க வேண்டியவன் நான்தான் என்று நினைத்திருப்பீர்கள். கேட்டீர்கள் அப்பா. மேசையில் குனிந்து, என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்டீர்கள். தவறான பதில் சொன்னவள் நான். என் பதிலை நீங்கள் நம்பினீர்கள். அந்தப் பதிலுக்காக என்னை ஒருநாளும் வேறு மாதிரி பார்க்கவில்லை. கடைசிவரை புலவரே என்றுதான் கூப்பிட்டீர்கள். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, நான் முகம் கொடுக்காமல் இருந்த அந்த இரண்டு நாளிலும், நீங்கள் இதைச் சுமந்துகொண்டு கல்லூரிக்குப் போய்வந்திருக்கிறீர்கள். டாக்டர் சர்க்கரை என்றார். அதை இனி என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து, “அங்க என்ன பண்ற?” என்று கேட்டார். டேப்பைச் சுருட்டுகிறேன் என்றேன். அது உண்மை. எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே சுருட்டினேன். பிளாஸ்டரைப் பிய்க்கவில்லை. டேப்பை என் பள்ளிப் பையில், அகராதிக்குக் கீழே வைத்தேன். இரும்பு ரேக் காலையிலேயே வண்டியில் ஏறி, ஜீயபுரத்தில் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருக்கும் ஒற்றை அறைக்குப் போய்விட்டது. நீங்கள் சொன்னபடி அது கூட வருகிறது.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். அவருக்கு மிச்சம் இருக்கும் அந்த ஒன்றை நான் எடுக்க மாட்டேன். நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்கிறேன். அது எவ்வளவு கனம் என்பது மத்தியானத்திலிருந்து தெரிகிறது. நீங்கள் எட்டு மாதம் தாங்கினீர்கள். எனக்குப் பதினாறு வயது. எத்தனை வருடம் என்று கணக்குப் போட முயன்றேன். இந்தக் கணக்கு மட்டும் வேகமாக வரவில்லை.

இதை முன்னறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரம் ஐந்தே முக்கால். நாளை இடிப்பதற்காக இணைப்பைத் துண்டிக்க மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, வாசலில் நிற்கிறார். வீடு முழுக்க விளக்கு எரிகிறதே என்றார். காலி செய்யும் மும்முரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டிருந்தோம். “ஒரு நிமிஷம் இருங்க, நாங்களே அணைச்சிடறோம்” என்று அம்மா சொன்னார். அடுப்படி, குளியலறை, கூடம் என்று ஒவ்வொன்றாக அவரே போய் அணைத்துக்கொண்டு வந்தார். என் தலைக்கு மேல் இருந்ததை, எழுதி முடி என்று காத்திருந்து, கடைசியாக அணைத்தார். இந்த வரிகளை வாசல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டுவிட்டன.